சோழர்களை எந்த அலமாரியில் வைப்பது?

(போன இதழில், 'வரலாறு சொல்லும் புத்தகங்களில் உங்களுக்குப் பிடித்தது எது, எரிச்சலூட்டியது எது?' என்று வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுக்கு, பெங்களூரு அல்சூரில் வாடகை நூலகம் நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

ஜீவன்பீமா நகர் வாசகி: உங்கள் நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' நாவல் அலமாரியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை அதைப் படித்துத்தான் சோழர்களைத் தெரிந்துகொண்டோம். வரலாறு பக்கம் தூக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

தாராளமாக வைக்கலாம். அப்புறம் அடுத்த வாரமே ஒருவர் வந்து, "நந்தினிக்குச் சமாதி எந்த ஊரில் அம்மா?" என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். நந்தினி கல்கியின் கற்பனை என்று சொன்னால், வாங்கிய கடனைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொன்ன மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

கல்கி 1950-இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர்கதை அது. அவர் கதை என்று சொல்லித்தான் எழுதினார். வரலாறு என்று முத்திரை குத்தியது நாம். கதையின் நடுமுடிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவலில் அதற்காகச் சதி, சுரங்கம், பழுவேட்டரையர் என்று ஆயிரக்கணக்கான பக்கம் ஓடுகிறது. நமக்குக் கையில் இருக்கிற கல் எது என்றால், காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டு. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற' துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு எழுத்து கிடையாது. அது கொலை விசாரணை அறிக்கையே இல்லை. துரோகிகளின் சொத்தையும் அவர்கள் சொந்தபந்தங்களின் சொத்தையும் பறிமுதல் செய், மாமன்மார் வரை, உடன்பிறந்த பெண்ணைக் கட்டியவன் வரை என்று ஊர்ச்சபைக்கு அரசன் அனுப்பிய ஓலை. அப்படிப் பறித்த நிலத்தை ஒருவர் வாங்கிக் கோயிலில் பிராமணர்களுக்குச் சோறு போட எழுதிவைக்கிறார். அதாவது அது ஒரு நிலப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் போகிற போக்கில் ஓர் இளவரசனின் கொலை எட்டிப் பார்க்கிறது.

எனக்கு நாவலைவிட இந்தப் பத்திரம் பயங்கரமாக இருக்கிறது. அக்காள் புருஷன் என்பதற்காக வீடுவாசல் போனவன் யாரோ? அவனைப் பற்றி யாரும் தொடர்கதை எழுதவில்லை. நீங்கள் இரண்டையும் படியுங்கள். அலமாரியை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

விவேக்நகர் வாசகர்: தஞ்சைப் பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்று போட்டிருக்கும் புத்தகம் ஒன்று உங்களிடம்தான் எடுத்தேன். உண்மையா?

விழும். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த எந்தப் போட்டோவிலும் நீளமாகப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கிழக்குச் சுவர் ஓரமாக வையுங்கள். அங்கே வெயில் நன்றாக அடிக்கும்.

மாரத்தஹள்ளி வாசகர்: மென்பொருள் வேலை. வரலாறு பள்ளியோடு சரி. இப்போது ஆர்வம் வந்து ஆன்லைனில் கண்டதையெல்லாம் வாங்கிப் போடுகிறேன். எது சரக்கு உள்ள புத்தகம், எது டூப் என்று எப்படித் தெரிந்துகொள்வது, அக்கா? பின்னால் ஆதாரப் பட்டியல் இருந்தால் போதுமா?

போதாது தம்பி. பட்டியல் போடுவது இப்போது ரொம்ப சுலபம். பத்துப் பக்கத்துக்குப் பெயர் அடுக்கிவிட்டு உள்ளே கிளிஜோசியம் சொல்கிற புத்தகங்கள் என்னிடமே இருக்கின்றன.

நான் வைக்கிற பரீட்சை வேறு. எந்தப் புத்தகம் வந்தாலும் எனக்குப் பழக்கமான இடத்தைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் திறப்பேன். தென்னிந்தியா என்றால் பெங்களூரு எங்காவது வந்துதானே தீரும். அங்கே 'ஹொய்சள அரசன் வீர பல்லாளன் காட்டில் வழி தவறினான், ஒரு கிழவி வெந்த பயறு (கன்னடத்தில் 'பெந்த காளு') கொடுத்தாள், அதனால் இந்த ஊருக்குப் பெயர் வந்தது' என்று வரலாறாகவே எழுதியிருந்தால், பேனாவை மூடிவிட்டு நிதானமாகிவிடுவேன். ஏனென்றால் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் கி.பி. 890. கங்கர் காலக் கன்னடம். 'பெங்களூரு சண்டையில்' புட்டணசெட்டி என்பவன் மடிந்தான் என்று அதில் வெட்டியிருக்கிறது. இரண்டாம் வீர பல்லாளன் பட்டத்துக்கு வந்ததோ 1173-இல். அவன் பசியோடு வருவதற்கு ஏறக்குறைய 300 வருஷம் முன்னாலேயே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதையைக் கதையாகச் சொல்லட்டும், அழகான கதைதான். பேகூர்க் கல்லைச் சொல்லாமல் விட்டவர், வேறு அத்தியாயங்களில் எதை எதை விட்டிருப்பாரோ?

இன்னொரு இடம் தொம்மலூர். உங்கள் அலுவலக பஸ் தினமும் அந்தப் பக்கம்தான் போகும். மேம்பாலத்து இரைச்சலிலிருந்து கொஞ்சம் உள்ளே ஏறினால் சொக்கநாதசுவாமி கோயில். பெருமாள் கோயில்தான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே தமிழ்க் கல்வெட்டுகள். வாசல்கால் இரண்டும் அழகியார் என்பவர் கொடுத்தது என்று ஒன்று சொல்கிறது. ஊருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்று இன்னொரு பெயர் இருந்ததும் அங்கிருந்துதான் தெரிகிறது. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு நெஞ்சு விரிந்துவிடும். 'பார்த்தீர்களா, சோழன் கட்டிய கோயில்!' என்று எழுதிவிடுவார்கள். கல்லில் இருக்கிற அரசன் பெயரைப் படித்தால் ஹொய்சள வீர ராமநாதன். 13-ஆம் நூற்றாண்டு. இந்த ஹொய்சளன் ஸ்ரீரங்கம் பக்கத்துக் கண்ணனூரில் இருந்தும் பிறகு குந்தாணியில் இருந்தும் ஆண்டவன். அவன் ஆட்சியில் இங்கே தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். தமிழ் எழுத்து என்றாலே சோழன் என்று நினைக்கிற ஆசிரியர் ஹொய்சளர்களையும் தொலைக்கிறார், தொம்மலூரில் இருந்த தமிழ் வியாபாரிகளையும் தொலைக்கிறார். மடிவாளம் சோமேஸ்வரர் கோயில் சுவரில் 1247-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வேப்பூர்க்காரர் ஒருவர் நிலம் கொடுத்த விவரம். வேப்பூர் என்பது இன்றைய பேகூர்.

இதையெல்லாம் சரிபார்க்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்று ஒரு வெள்ளைக்காரர், பெங்களூரிலேயே பிறந்தவர், மைசூர் ராஜ்ஜியம் முழுக்கக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். 'எபிகிராஃபியா கர்நாட்டிகா' வரிசையில் பெங்களூர் ஜில்லாவுக்கான 9-ஆம் தொகுதி 1905-இல் வந்தது. இணையத்தில் இலவசம். நிருபதுங்கா ரோட்டில் 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டியில், இப்போது நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். அது உங்கள் துறைதானே, போய்ப் பாருங்கள்.

உங்கள் சொந்த ஊர் எது என்று எழுதவில்லை. எதுவானாலும் பரீட்சை அதுதான். திண்டுக்கல் என்றால் திண்டுக்கல் பக்கத்தைத் திறங்கள்.

இந்திராநகர் வாசகர்: சோழர் பெருமை பேசும் புத்தகம் ஒன்றில், 9 லட்சம் வீரர்களோடு ராஜராஜன் படை கர்நாடகத்துக்குள் நுழைந்தது என்று படித்துச் சிலிர்த்துப்போனேன். அலுவலகத்தில் கன்னட நண்பரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏன் சார்?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

அந்த 9 லட்சம் சோழர் கல்வெட்டில் இருக்கிற எண்ணிக்கை இல்லை. வட கர்நாடகத்தில், பழைய தார்வாட் ஜில்லாவில், ஹொட்டூர் என்று ஓர் ஊர். அங்கே சாளுக்கிய அரசன் சத்யாஸ்ரயன் காலத்துக் கல்வெட்டு, 1007-ஐ ஒட்டியது. தோற்றோடிய எதிரியைப் பற்றிச் சாளுக்கியர்கள் எழுதியது. சோழன் 9 லட்சம் சேனையோடு வந்தான் என்று அதுதான் சொல்கிறது. எதிரியின் படையை எத்தனை பெரிதாகக் காட்டுகிறோமோ அத்தனைக்கு நம் வெற்றி பெரிதாகும். அந்தக் கணக்கு எல்லா அரசனுக்கும் தெரியும்.

அது மட்டுமானால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே கல்வெட்டு அடுத்து என்ன சொல்கிறது என்றால், அந்தச் சேனை நாட்டைக் கொள்ளையடித்தது, பெண்களை, குழந்தைகளை, பிராமணர்களைக் கொன்றது, பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது. எதிரி எழுதியது, கூட்டியும் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் புத்தகம் என்ன செய்திருக்கிறது பாருங்கள். ஒரே கல்லில் முதல் வரியை எடுத்து நம் பெருமைக்குப் பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டு, அடுத்த வரியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. எண்ணிக்கையை நம்பினால் கொலையையும் நம்ப வேண்டும். கொலை மிகை என்றால் 9 லட்சமும் மிகை. உங்கள் நண்பர் பள்ளியில் அந்த இரண்டாவது வரியையும் கேட்டு வளர்ந்திருப்பார். நாளைக்கு டீ வாங்கிக் கொடுங்கள்.

கப்பல் விஷயமும் இப்படித்தான். ராஜேந்திரன் 1025-இல் கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) படை அனுப்பியதை, கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியே சொல்கிறது: 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி'. பல கலம். அவ்வளவுதான். எண்ணிக்கை இல்லை. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் என்று பிடித்த ஊர்களை வரிசையாக அடுக்குகிற புலவர், கப்பலை எண்ணவில்லை. நம் புத்தக ஆசிரியர்கள் துறைமுகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஒருவர் குதிரைக்குக் கொள்ளு எத்தனை மூட்டை ஏற்றினார்கள் என்பதுவரை போய்விட்டார்.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: உங்கள் நூலகத்துச் சரித்திரப் புத்தகங்களில் ஓரமெல்லாம் பென்சில் சண்டை. 'பொய்', 'ஆதாரம் எங்கே', 'வாயை மூடு' என்று. இதை அழிக்கச் சொல்லி ஒரு ஆளைப் போடக்கூடாதா? படிக்கவே முடியவில்லை.

அழிக்க மாட்டேன். சமையல் புத்தகத்தில் எழுதினால் அபராதம் போடுகிறேன், சரித்திரத்தில் பென்சில் என்றால் கண்டுகொள்வதில்லை. இங்க் பேனா என்றால் டெபாசிட் போச்சு.

நீங்கள் கடைசியாக எடுத்த பாண்டியர் புத்தகத்தையே சொல்கிறேன், இப்போது மேஜை மேல்தான் இருக்கிறது. டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் 1311-இல் மதுரைக்கு வந்த அத்தியாயம். ஆசிரியர் கொள்ளை போன யானை, பொன் எல்லாம் சொல்கிறார். ஓரத்தில் ஒருவர், சின்ன நேர்த்தியான கையெழுத்து, ஏதோ ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் கை மாதிரி இருக்கும்: 'சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொள்ளாமல் இருந்தால்?' அதற்குக் கீழே வேறு கை, பெரிய எழுத்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி: 'எல்லாவற்றுக்கும் நம்மையே குறை சொல்'. அதற்குக் கீழே மூன்றாவது ஆள், ரொம்ப நாள் கழித்து எழுதியிருக்க வேண்டும், பென்சில் வேறு நிறம்: 'டில்லிக்காரர் எழுதிவைத்த கணக்கு இது. அமீர் குஸ்ரோ பார்க்க'. ஆசிரியர் ஒரு பக்கத்தில் சொல்லாததை இந்த மூன்று பேர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எனக்கு மூன்று பேரையும் தெரியும், மாதச் சந்தா வாங்குகிறேனே. சொல்லமாட்டேன்.

உங்களுக்குச் சுத்தமான பிரதிதான் வேண்டும் என்றால் புதிதாக வந்தவற்றில் எடுங்கள். அட்டை பளபளப்பாக இருக்கும். இன்னும் யாருக்கும் கோபம் வரவில்லை.

சிவாஜிநகர் வாசகர்: திப்பு சுல்தான் பற்றி நடுநிலையான ஒரு புத்தகம் சொல்லுங்கள். ஒன்றில் தெய்வம், ஒன்றில் ராட்சசன்.

பெயர் சொன்னால் இந்தப் பத்தியை மூட வேண்டியதுதான். சோதிக்க இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன். 1791-இல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, மடத்துக்கு உதவி அனுப்பித் திப்பு எழுதிய கன்னடக் கடிதங்கள் இருக்கின்றன. 1916-இல் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் அவற்றை வெளிக்கொண்டு வந்தார். அதே திப்பு 1784-இல் மங்களூர்க் கிறிஸ்தவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போனான். குடகிலும் அப்படி நடந்தது. இந்த இரண்டும் உள்ள புத்தகத்தை எடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், எந்த ஒன்றாக இருந்தாலும் சரி, பணம் மிச்சம்.

கோலார் தங்கவயல் வாசகர்: அப்பா, தாத்தா எல்லாரும் சுரங்கத்தில் இருந்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் பொன் எங்கள் கோலார் பொன்தான் என்று ஒரு புத்தகத்தில் படித்துப் பெருமையாக இருந்தது. நம்பலாமா, அம்மா?

உங்கள் தாத்தா காலத்துச் சுரங்கம் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே அங்கே ஆட்கள் தோண்டியிருக்கிறார்கள், பழைய குழிகளை வெள்ளைக்காரர்களே பார்த்து எழுதியிருக்கிறார்கள். கோலார் சோழர் கையில் இருந்ததும் நிஜம். குவளாலம் என்று பெயர், அந்த நாட்டுக்கு நிகரிலிச்சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள். கோலாரம்மா கோயிலுக்குப் போனால் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் தஞ்சாவூர் வரை ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

ஆனால் பெரிய கோயில் விஷயத்தில் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கோயில் மாதிரி கணக்கு எழுதிவைத்த கோயில் கிடையாது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' எல்லாவற்றையும் கல்லில் வெட்டு என்று ராஜராஜன் சொன்னான், வெட்டினார்கள். பொற்பாத்திரம் ஒவ்வொன்றும் ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்து இத்தனை கழஞ்சு என்று போட்டிருக்கிறது. ரத்தினம் பதித்த நகைக்குத் தனி எடைக்கல், தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். அரசன் கொடுத்தது எங்கிருந்து வந்தது என்றும் போட்டிருக்கிறது: சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து. சத்யாஸ்ரயனை வென்று திரும்பி வந்து சாமி காலில் பொற்பூ போட்டதும் இருக்கிறது. ஆக, வந்த வழியைக் கல்லே சொல்கிறது. அது போர்க் கொள்ளை.

உங்கள் பெருமைக்குச் சோழன் சிபாரிசு எதற்கு? 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை கொதிக்கிற சூட்டில், உங்கள் வீட்டு ஆண்கள் இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அந்த வேலையைப் பற்றித் தமிழில் பாமரனும் படிக்கிற மாதிரி ஒரு நல்ல புத்தகம் கேட்டு என்னிடம் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். ஷிஃப்ட் நேரம், கூண்டு இறங்கும் வேகம், பாறை வெடிப்பு வந்த அன்று சங்கு ஊதிய விதம், எல்லாம்.

கல்லூரி மாணவர், பானஸ்வாடி: குமரிக் கண்டம் பற்றிய புத்தகம் உங்களிடம் வரலாற்றிலும் இல்லை, நாவலிலும் இல்லை. ஒளித்து வைத்திருக்கிறீர்களா?

ஜன்னல் பக்கத்துச் சின்ன அலமாரியில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாததெல்லாம் அங்கேதான். வேற்றுக்கிரகவாசி புத்தகங்களும் அங்கேதான், கோபப்படாதீர்கள்.

இதில் இரண்டு சமாச்சாரம் கலந்துவிட்டது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கடல் ஏறி நிலம் போன நினைவு, கடற்கரை ஜனங்களுக்கு இல்லாமல் எப்படி இருக்கும். லெமூரியா வேறு கதை. 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல்காரர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்து விலங்குகள் இருப்பதைப் பார்த்து, நடுவில் ஒரு நிலம் முழுகியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். தேவாங்குக்கு வழி தேடிப் போட்ட பாலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று பிறகு தெரிந்ததும் விஞ்ஞானிகள் அந்தப் பாலத்தை விட்டுவிட்டார்கள். நாம் அதன் மேல் குடியேறிப் பட்டா வாங்கிவிட்டோம். கீழடியில் மண்ணைத் தோண்டி, அடுக்கு அடுக்காகக் குறித்து, கரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்களே, அதைப் படியுங்கள் முதலில். கைக்கு எட்டுகிற பெருமை இருக்கும்போது கடலுக்குள் ஏன் போகிறீர்கள்?

அண்ணாசாமி முதலியார் ரோடு வாசகி: சேரன், சோழன், பாண்டியன் என்றே எல்லாப் புத்தகமும். பெங்களூர்த் தமிழர்களுக்குச் சரித்திரம் இல்லையா?

நீங்கள் குடியிருக்கும் தெருப் பெயரே சரித்திரம்தான் அம்மா.

கண்டோன்மெண்ட் 1809-இல் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சல் தாங்காமல் வெள்ளைக்காரப் படை இங்கே மேட்டு நிலத்துக்கு மாறியது. மெட்ராஸ் ராணுவம் என்பதால் கூடவே வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சிப்பாய், சமையல்காரர், சலவைக்காரர், தையற்காரர், கொத்தனார், மாட்டுத் தரகர், பிறகு கணக்கர், காண்டிராக்டர். 1881-இல் மைசூரை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோதும் கண்டோன்மெண்ட்டை மட்டும் ஆங்கிலேயர் கையில் வைத்துக்கொண்டார்கள். 1949-இல்தான் இரண்டு ஊரும் ஒரே மாநகராட்சி ஆயிற்று. அதுவரைக்கும் கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், இந்தப் பக்கம் ஓர் ஊர். இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கிறதே, அந்தச் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, 1860-களில் அதைக் கட்டிக்கொடுத்த காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. 1898-இல் பிளேக் வந்து சந்துபொந்தெல்லாம் காலியானபோதுதான், காற்றோட்டமாக ஃப்ரேசர் டவுன் மாதிரிப் பேட்டைகளைப் போட யோசித்தார்கள்.

இவ்வளவு இருந்தும் மேஜைமேல் வைத்து விற்கிற மாதிரி ஒரு தமிழ்ப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. பெங்களூரைப் பற்றி அழகழகாக ஆங்கிலத்தில் வருகிறது. அதில் பங்களா இருக்கும், 'மங்கி டாப்' என்கிற குரங்குக் கூரை இருக்கும், பங்களாவுக்குள் சமைத்தவர் பெயர் இருக்காது. தமிழில் எழுதுகிறவர்களுக்கோ, ராஜா இல்லாத சரித்திரம் சரித்திரமாகப் படுவதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. ஒரு தானக் கல்வெட்டில் விளக்கு நெய்க்குக் கொடுத்த ஆட்டைக்கூட எண்ணிவைத்தவர்கள் நாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நாராயணப்பிள்ளைத் தெருவில் யார் கடை வைத்திருந்தார் என்று கேட்டால் கையை விரிக்கிறோம்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: ஆங்கிலத்தில் எழுதினால்தான் நம்பகம், தமிழில் எல்லாம் உணர்ச்சி என்கிறார் என் மருமகன்.

மருமகனைச் சண்டைக்கு இழுக்கும் உத்தேசம் இல்லை. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை 1935-லும் 37-லும் ஆங்கிலத்தில்தான் எழுதினார், இன்னும் அதைத் தாண்டிப் போக முடியாமல்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். சதாசிவப் பண்டாரத்தார் பிற்காலச் சோழரைத் தமிழில் எழுதினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போட்டது. கல்வெட்டு எண் இல்லாமல் ஒரு பாராவைத் தாண்டமாட்டார். உணர்ச்சி என்று அதில் தேடினால் முன்னுரையில் கொஞ்சம் கிடைக்கும். இப்போது விமான நிலையத்தில் அடுக்கி வைத்திருக்கும் ஆங்கிலப் புத்தகங்களில், ராஜேந்திரனை 'இந்தியாவின் நெப்போலியன்' என்று அட்டையிலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட உணர்ச்சி வேறென்ன வேண்டும்?

கம்மனஹள்ளி வாசகர்: புத்தகமே வேண்டாம், யூட்யூப் போதும் என்கிறான் என் பையன்.

போதும்தான். பின்னணி இசையை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முகவரி எழுதாத மூன்று வாசகர்கள்: ராஜராஜ சோழன் எந்தச் சாதி? எங்கள் சாதிதான் என்று ஆதாரத்தோடு வெளிவந்த புத்தகத்தை உங்கள் நூலகத்தில் ஏன் வைப்பதில்லை?

மூன்று பேரும் மூன்று சாதி எழுதியிருக்கிறீர்கள். மூன்று புத்தகமும் தபாலில் இலவசமாகவே வந்து சேர்ந்தன. படித்தேன். மூன்றிலும் ஒரே கல்வெட்டுதான் ஆதாரம்.

பெரிய கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று எழுதிவைத்த மனுஷன், தன் சாதியை எழுதாமல் போய்விட்டான். ஆனால் வம்சம் எழுதியிருக்கிறார்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துப் பாருங்கள், சோழர்கள் சூரியனிலிருந்து வந்தவர்கள். சூரியனுக்கு எந்த சர்டிபிகேட் என்று உங்கள் தாசில்தாரைக் கேட்டு எழுதுங்கள், அந்த அலமாரியில் வைத்துவிடுகிறேன்.